பூட்டும் நேரங்கள்

சென்னையின் இரவு பல கதவுகள் கொண்டது. பூங்காக்கள் எட்டு, ஒன்பது மணிக்குள் மூடிவிடுகின்றன. பல மகளிர் விடுதிகளின் கேட் ஒன்பது, ஒன்பதரைக்குப் பூட்டப்படுகிறது. டாஸ்மாக் கடைக்கு 10 மணி. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் 10 மணிக்கு மேல் காவலர்கள் விசில் ஊதிக் கூட்டத்தைக் கிளப்புகிறார்கள். மெட்ரோவின் கடைசி வண்டி முனையத்தை விட்டு 11 மணிக்குக் கிளம்புகிறது. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் நள்ளிரவை ஒட்டி ஓய்கிறது. மறுபடி ஓடத் தொடங்க அதிகாலை நான்கு மணி ஆகும். ஒவ்வொரு நேரத்தையும் ஒவ்வொரு துறை தன் வசதிக்கு வைத்திருக்கிறது. வேலைக்கோ படிப்புக்கோ வெளியூரிலிருந்து வந்து, இருபதுகளில் தனியாக வாழ்கிறவர்களின் இரவு இந்தப் பூட்டுகளுக்கு நடுவில் நடக்கிறது. அவர்களுக்கு நேரும் சின்னச் சின்ன அசம்பாவிதங்களில் பெரும்பாலானவை, ஒரு கதவு மூடி இன்னொன்று திறக்கும்வரை உள்ள இடைவெளியில் நேர்பவை. அறை நண்பன் தூங்கிவிட்டதால் வாசற்படியில் கழிந்த இரவு, தூக்கத்தில் இறங்க மறந்து செங்கல்பட்டு வரை போன பயணம், ஆளில்லாத சாலையில் பெட்ரோல் தீர்ந்து நின்ற வண்டி என்று எல்லாவற்றுக்கும் பொறுப்பில்லாத வயதைக் காரணம் சொல்வது ஊர் வழக்கம். அந்தக் காரணம் பாதி இரவைக்கூட விளக்காது.

இந்த வாழ்க்கையின் பழைய முகவரி திருவல்லிக்கேணி. பெரிய தெரு, பாரதி சாலை, அவற்றிலிருந்து பிரியும் சந்துகள் எங்கும் மேன்ஷன்கள் பல பத்தாண்டுகளாக இருந்துவருகின்றன. இரண்டு கட்டில், சுவரில் வரிசையாக ஆணிகள், துணி காயும் ஜன்னல் கம்பி, தளத்துக்குப் பொதுவான கழிப்பறை. அரசுத் தேர்வுக்குப் படிப்பவர், உதவி இயக்குநராகச் சேர வாய்ப்புத் தேடுபவர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, முதல் வேலையில் சேர்ந்து முதல் சம்பளத்துக்குக் காத்திருப்பவர் என்று பலரும் அடுத்தடுத்த அறைகளில் இருப்பார்கள். சாப்பாட்டுக்கு மெஸ் உண்டு. டோக்கன் வாங்கிக்கொண்டு முறை வரும்வரை காத்திருக்கும் காசி விநாயகா மெஸ் இந்தத் தலைமுறைகள் பலவற்றுக்குச் சோறு போட்ட இடம். மேன்ஷனின் பெருங்குணம் ஒன்று உண்டு. எத்தனை மணிக்கு வந்தாலும் வாசலில் படுத்திருக்கும் வாட்ச்மேனை எழுப்பினால் உள்ளே போய்விடலாம். மூட்டைப்பூச்சியையும் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் பொறுத்துக்கொண்டு பலர் அங்கே ஆண்டுக்கணக்கில் தங்குவதற்கு வாடகை மட்டும் காரணம் இல்லை. எட்டு எட்டில் சேப்பாக்கம், கடற்கரை, அண்ணா சாலை எல்லாம் இருக்கின்றன. கடைசி வண்டியைத் தவறவிட்டாலும் நடந்தே வந்துவிடலாம்.

2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபிறகு நகரத்தின் வேலை தெற்கே நகர்ந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை, அலுவலகங்கள் எழுந்தன, கூடவே பி.ஜி. விடுதிகளும் எழுந்தன. மேன்ஷன் நகரத்தின் நடுவில் இருந்தது. இந்த விடுதிகள் வேலைக்கு அருகில் இருந்தாலும் நகரத்துக்குத் தொலைவில் இருக்கின்றன. திரையரங்கம், கடற்கரை, நண்பர்கள், பழைய கல்லூரிக் கூட்டம் எல்லாம் இருபது, முப்பது கிலோமீட்டர் வடக்கே. சனிக்கிழமை இரவு வெளியே போவதென்றால் திரும்பி வரும் வழியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். விடுதி வேண்டாம், வீடு எடுத்துக்கொள்ளலாம் என்றால், 'பேச்சிலருக்குக் கொடுப்பதில்லை' என்ற பதில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். கிடைக்கும் வீட்டுக்கும் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் சென்னையில் நெடுநாளாக இருந்துவருகிறது. 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் அதை மூன்று மாத வாடகையாகக் குறைத்தது. ஆனால் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ள அதே சட்டம் இடம் விட்டது. இருபத்திரண்டு வயதில் முதல் வேலைக்கு வந்தவர் அந்த ஒப்பந்தத்தில் பேரம் பேசும் நிலையில் இருப்பதில்லை.

இவர்களில் பலருக்கு மாலையே காலை. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் சென்னையின் மாலை 6.30; நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்தபிறகு 7.30. அங்கே ஒரு மணி நேரம் மாறினால் இங்கே துரைப்பாக்கத்தில் ஒருவரின் சாப்பாட்டு நேரமும் தூக்கமும் பேருந்தும் மாறுகின்றன. ஷிப்ட் முடியும்போது அதிகாலை மூன்றரை, நான்கரை. ஊர் தூங்கும் நேரத்தில் பசியோடும் சம்பளத்தோடும் விழித்திருக்கும் ஒரு கூட்டத்தை இந்த வேலைகள் உண்டாக்கியிருக்கின்றன. நள்ளிரவில் தெருவில் நிற்கும் இளைஞரைப் பார்த்து 'இந்நேரத்தில் என்ன வேலை?' என்று கேட்பவர்கள், அது அவருடைய வேலை நேரமாகவே இருக்கலாம் என்று நினைப்பதில்லை.

பசிதான் இரவின் முதல் சங்கடம். ஒன்பதரைக்கு மெஸ் மூடிவிடும். பத்தரைக்கு உணவகங்கள் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசை மேல் வைக்கத் தொடங்கும். மிச்சம் இருப்பது கையேந்தி பவன். தள்ளுவண்டி, காற்றழுத்த அடுப்பு, ஒரு பெரிய கல், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பரோட்டா, சால்னா, முட்டை தோசை, கலக்கி. கொத்து பரோட்டாவின் தகர ஓசை நாலு தெருவுக்குக் கேட்கும். தட்டின் மேல் வாழை இலையோ பிளாஸ்டிக் தாளோ போட்டுக் கொடுக்கிறார்கள். கழுவும் வேலை மிச்சம். மாதக் கடைசியில் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லலாம். 'ரெண்டு நாளா ஆளக் காணோமே தம்பி' என்று விசாரிக்கும் ஒரே மனிதர் சில பேருக்கு அந்தக் கடைக்காரர்தான். வட சென்னைக்குப் போனால் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ கிடைக்கும். 1960-களில் பர்மாவை விட்டுத் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு அது. நூடுல்ஸில் வெங்காயமும் புளிக்கரைசலும் பூண்டு எண்ணெயும் கலந்து, கூடவே வாழைத்தண்டு சூப்பும் தருவார்கள். அண்மைக் காலத்தில் அதிகாலை பிரியாணி ஒரு மோகமாகவே வளர்ந்திருக்கிறது. விடிவதற்கு முன் அண்டா திறக்கும் கடைகளுக்கு நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போகிறார்கள். போகும் வழியில் தூக்கக் கலக்கத்தில் விழுகிறவர்கள் உண்டு என்பதையும் சேர்த்தே இந்த மோகத்தைப் பேச வேண்டும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. மூன்றாண்டு முடிந்ததும் அது நீட்டிக்கப்பட்டது. ஆனாலும் பத்தரை, பதினொரு மணிக்கு ரோந்து வண்டி வந்து நின்றால் ஷட்டர் இறங்கியது. அனுமதி பெற்ற கடைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று 2022-ல் காவல்துறைத் தலைமையே சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. இந்த ஆணையில் கவனிக்க வேண்டிய சொல் 'பத்துப் பேர்'. தள்ளுவண்டியில் இருப்பது கணவன், மனைவி, மாவு பிசையும் ஒரு பையன். பெரிய உணவகத்துக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு, குறைந்த காசில் இரவுச் சாப்பாடு போடும் அந்த மூவருக்குக் கிடைக்கவில்லை. ரோந்து வண்டியின் விளக்கைப் பார்த்ததும் அடுப்பை அணைக்கும் கடைக்காரரும், பாதிச் சாப்பாட்டில் தட்டோடு இருட்டில் நிற்கும் வாடிக்கையாளரும் ஒரே குறைபாட்டினால் பாதிக்கப்படுகிறவர்கள்.

சாப்பிட்டு முடித்தபின் உட்கார இடம் வேண்டும். பகலில் சென்னை உட்கார இடம் தருகிற ஊர். கடற்கரை இருக்கிறது, நூலகம் இருக்கிறது, கோயில் மண்டபமும் குளத்துப் படியும் இருக்கின்றன. இரவு பத்துக்கு மேல் காசு கொடுக்காமல் உட்காரும் இடம் அநேகமாக இல்லை. நட்சத்திர ஓட்டலின் காபிக் கடை விடிய விடியத் திறந்திருக்கும். ஒரு காபியின் விலைக்கு மெஸ்ஸில் சில வேளை சாப்பிட்டுவிடலாம். ஆகவே இளைஞர்கள் நிறுத்திய பைக்கின் மேல் உட்கார்கிறார்கள். மூடிய கடையின் படி, மேம்பாலத்தின் கீழ்த்திட்டு, பெட்ரோல் பங்க்கின் ஓரம், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள டீக்கடை என்று இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவருடைய காதல் முறிவு, இன்னொருவருடைய அப்பாவின் கடன், நாளை எழுத வேண்டிய ராஜினாமா எல்லாம் இந்த இடங்களில்தான் பேசித் தீர்க்கப்படுகின்றன. பத்துக்குப் பத்து அறையில் மூன்று பேர் தூங்கும்போது, ஒருவர் அழ வேண்டுமென்றாலும் வெளியேதான் போக வேண்டும். இரவில் வெளியே சுற்றுவதைக் கேளிக்கை என்று மட்டும் கணக்கிடுகிறவர்கள் இந்த அறையின் அளவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கோயம்பேடு இதற்கெல்லாம் விலக்கு. 1996-ல் தொடங்கிய அந்த மொத்தச் சந்தைக்கு நள்ளிரவுதான் உச்சி வேளை. ஒட்டன்சத்திரத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் கர்நாடக, ஆந்திர எல்லைகளுக்கு அப்பாலிருந்தும் காய்கறி லாரிகள் வந்து நிற்கும். மூட்டை தூக்குபவர்களின் 'வழி, வழி' குரலுக்கு ஒதுங்கி, சேற்றில் செருப்பு அறுந்து, இஞ்சி டீயோடு சாமந்தி மூட்டைகளுக்கு அருகில் நிற்கும் இளைஞரை அங்கே யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும் அப்படித்தான்; விடியலுக்கு முன்பே ஏலக் குரல் கேட்கத் தொடங்கிவிடும். உழைப்பு விழித்திருக்கும் இடங்களில் இரவு எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது.

திரையரங்குக்கு வேறு வரலாறு. செகண்ட் ஷோ பார்த்துவிட்டு ஒரு மணிக்கு ஆளரவமற்ற சாலையில் பேசிக்கொண்டே நடந்து வருவது பல தலைமுறைகளின் பழக்கம். பெரிய நடிகர்களின் படங்களுக்கு நள்ளிரவிலும் விடியற்காலையிலும் சிறப்புக் காட்சிகள் வந்தபோது அது கூட்டங்களின் இரவாக மாறியது. 2023 ஜனவரியில் 'துணிவு' வெளியான இரவு, கோயம்பேடு அருகே சாலையில் மெதுவாகப் போன லாரி மேல் ஏறி ஆடிய 19 வயது இளைஞர் ஒருவர் குதித்தபோது விழுந்து இறந்தார். அதன்பின் அரசு விடிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி தருவதை நிறுத்தியது. அந்த ஆண்டு அக்டோபரில் 'லியோ' படத்துக்குத் தந்த ஆணை, காலை 9 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு 1.30-க்குள் காட்சிகளை முடிக்கச் சொன்னது. ஒன்றரைக்கு வெளியே வருகிறவர் எந்த வண்டியில் வீடு போவார் என்பது அந்த ஆணையின் கவலைக்குள் வரவில்லை.

வீடு திரும்புவதுதான் இந்த இரவுகளின் கடினமான பகுதி. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. அதை நம்பியே குரோம்பேட்டையும் பல்லாவரமும் வளர்ந்தன. பறக்கும் ரயில் தாம்பரம் தடத்தைவிட முன்னதாகவே அடங்கிவிடும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. பத்து மணிக்கு மேல் அந்தப் பேருந்துகள் அரிதாகிவிடுவதால், இரவு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த நல்ல திட்டம் ஒரு வழிப் பயணத்துக்கே உதவுகிறது. பேருந்து, ரயில், மெட்ரோ ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்துவதற்காகவே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-ல் இயற்றப்பட்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பயணச்சீட்டு எடுக்கும் செயலி வர 2025 ஆகிவிட்டது. பயணச்சீட்டை ஒன்றாக்கியவர்கள் கடைசி வண்டிகளின் நேரத்தையும் ஒன்றாக்கலாம். மெட்ரோவிலிருந்து இறங்குகிறவருக்குக் கடைசிப் பேருந்து பத்து நிமிடம் காத்திருந்தால் போதும்.

அதுவரை ஆட்டோ. 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இரவு 11 முதல் காலை 5 வரை இதில் பாதி கூடுதல். பல ஆண்டுகள் அந்தக் கட்டணம் திருத்தப்படாமலே கிடந்தது. எரிபொருள் விலை ஏறியது, மீட்டர் உறங்கியது. 'ரிட்டர்ன் சவாரி கிடைக்காதுப்பா' என்று ஓட்டுநர் சொல்வது பொய்யில்லை. இரவு ஒரு மணிக்கு மேடவாக்கத்தில் இறக்கிவிட்டவர் காலியாகத்தான் திரும்ப வேண்டும். 'இவ்வளவு கொடுக்க என்கிட்ட இல்லண்ணே' என்று பயணி சொல்வதும் உண்மையே. இரண்டு உண்மைகளும் மோதிக்கொள்ளும் அந்தப் பேரத்தில் யாரையும் குற்றவாளியாக்க முடியாது. வெளியூர் போய்த் திரும்புகிறவர்களுக்கு 2023 டிசம்பர் 30 முதல் இந்தச் சிக்கல் இன்னும் தெற்கே போய்விட்டது. தென் மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன. நகரத்தின் மையத்திலிருந்து அது ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பொங்கல் முடிந்து, அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு டப்பாவோடு அதிகாலை மூன்று மணிக்கு அங்கே இறங்குகிறவர், ஊரிலிருந்து வந்த கட்டணத்தில் ஒரு நல்ல பங்கை ஊருக்குள் போகச் செலவிட நேர்கிறது.

கைப்பேசியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய இரவின் பெரும்பாலான விபரீதங்கள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. 2016-ல் யுபிஐ வந்தபிறகு இளைஞர்களின் பணப்பை மெலிந்து, பின்பு மறைந்தே போனது. பணம், ரயில் சீட்டு, வழி, விடுதியின் முகவரி, நண்பரின் எண் எல்லாம் ஒரே கருவிக்குள் போய்விட்டன. பத்தாண்டுகளுக்கு முன் மனப்பாடமாக இருந்த தொலைபேசி எண்கள் இப்போது எவருக்கும் நினைவில் இல்லை. மெட்ரோவில் ஏறும்போது இருந்த சார்ஜ் இறங்கும்போது தீர்ந்துவிட்டால், வெளியேறும் கதவில் காட்ட க்யூஆர் இல்லை. வெளியே வந்தாலும் ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசில்லை. கூப்பிட எண்ணும் தெரியாது. கடைக்காரர் திரையில் பணம் வராமல், அனுப்பியவர் கணக்கில் மட்டும் குறைந்துபோவதும் வழக்கமான இரவுச் சண்டை. இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதி வகுத்திருக்கிறது: தனி மனிதர்களுக்கு இடையிலான பரிமாற்றமாக இருந்தால் மறுநாளுக்குள், கடைக்குச் செலுத்தியதாக இருந்தால் ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இரவு பன்னிரண்டு மணிக்கு முட்டை தோசைக் கடைக்காரரிடம் இந்த விதியைச் சொல்லிப் பயனில்லை என்பதால் பெரும்பாலோர் இரண்டாம் முறையும் அனுப்பிவிட்டுப் போகிறார்கள். கைப்பேசியே தொலைந்துவிட்டால் முதல் வேலை சிம்மை முடக்குவது, அடுத்தது வங்கிக்குச் சொல்வது. பிறகு காவல்துறையின் இணைய சேவையில் புகார் பதிந்து, மத்திய அரசின் சிஇஐஆர் தளத்தில் கருவியின் ஐஎம்இஐ எண்ணைத் தடை செய்யலாம். பணம் மோசடியாக எடுக்கப்பட்டிருந்தால் 1930. இவை எல்லாவற்றுக்கும் இன்னொரு கைப்பேசி வேண்டும். பெட்டியில் மடித்து வைத்த ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளும், தாளில் எழுதிய நாலு எண்களும் இன்றும் மிகச் சிறந்த காப்பீடு.

தெரு நாய்களையும் சொல்லாமல் முடியாது. பகலில் டீக்கடை வாசலில் பிஸ்கட் வாங்கித் தின்னும் அதே நாய்கள், போக்குவரத்து ஓய்ந்தபின் தெருவைத் தம்முடையதாக எடுத்துக்கொள்கின்றன. நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து திரும்ப விட வேண்டும் என்று ப்ளூ கிராஸ் அமைப்பு 1964 முதல் வலியுறுத்தி வந்தது. சென்னை மாநகராட்சி 1990-களின் நடுவில் அதை ஏற்றது. 2001-ல் வந்து 2023-ல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படியும் பிடித்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். முறை சரியானதுதான், ஆனால் போதுமான அளவு கருத்தடையும் தடுப்பூசியும் நடந்தால்தான் அது பலன் தரும். பைக்கில் வருகிறவர் பயந்து முறுக்கினால் நாய் விடாமல் துரத்தும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என விடக்கூடாது. அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று முறை தவறாமல் போட வேண்டும். வேலையில் விடுப்புக் கேட்கத் தயங்கி, மூன்றாம் ஊசியோடு நிறுத்திக்கொள்ளும் இளைஞர்கள் எடுக்கும் ஆபத்து மிகப் பெரியது. ரேபீஸ் வந்துவிட்டால் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை.

பைக் இந்த வயதின் சுதந்திரம். பெரும் துயரங்களும் அதில்தான் வருகின்றன. பஞ்சர் கடை மூடிய நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதும், இன்னொரு வண்டியிலிருந்து நண்பர் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு வருவதும், மழைநீர் தேங்கிய சுரங்கப்பாதையில் என்ஜினுக்குள் தண்ணீர் போவதும் மறுநாள் சிரித்துப் பேசும் சம்பவங்கள். குடித்துவிட்டு ஓட்டுவது அந்த வகையில் சேராது. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப்பின் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்துக்குப் பயந்து சந்துவழியாகப் போகிறவர்கள் இருட்டிலும் குழியிலும்தான் விழுகிறார்கள். மது விற்பதை அரசே செய்யும் மாநிலத்தில், கடை மூடும் பத்து மணிக்குக் குடித்தவர்கள் வீடு போகப் போதிய பேருந்துகள் இல்லாமல் இருப்பது பெரிய கேடு. விபத்து நடந்துவிட்டால் 108. 2008 முதல் அந்த வண்டி ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், சாலை விபத்துக்குப்பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை ஒரு லட்சம் ரூபாய் வரை இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. கூட்டிப்போன நண்பர்கள் இதை அறியாமல், தனியார் மருத்துவமனை வாசலில் முன்பணத்துக்காக வாட்ஸப் குழுவில் கெஞ்சுவது இன்றும் நடக்கிறது. அடிபட்டவருக்கு உதவுகிறவரைச் சட்டம் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படிகூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

நடந்து போகிறவருக்கு ரோந்துக் காவலரின் கேள்விகள் காத்திருக்கும். எங்கிருந்து வருகிறாய், பையில் என்ன, அடையாள அட்டை எங்கே. சந்தேகத்துக்கிடமான முறையில் மறைந்து திரிபவரிடம் நன்னடத்தைப் பிணை கேட்கும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 128-ஆம் பிரிவில் இருக்கிறது. கழுத்தில் நிறுவன அட்டை தொங்குகிறவரிடம் விசாரணை ஒரு வாக்கியத்தில் முடியும். அதே தெருவில், அதே நேரத்தில், உணவு விநியோகம் முடித்து வரும் கறுத்த, மெலிந்த இளைஞரிடம் அது நீளும். வட மாநிலத் தொழிலாளியிடம் இன்னும் நீளும். இரவில் யார் தெருவில் நிற்கலாம் என்பதை உடையும் மொழியும் நிறமும் முடிவு செய்வது அநீதி. அதைச் சகித்துப் பழகிவிட்டதனால் அது சிறியதாகிவிடாது.

பெண்களின் இரவுக்கு முன்னால் இன்னும் சில கதவுகள் உண்டு. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு வேலை செய்யக்கூடாது என்ற 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-ல் செல்லாது என்றது. 2019-ஆம் ஆண்டின் கடை ஆணை, இரவு 8 மணிக்கு மேல் பெண்ணை வேலை வாங்க அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தக்க பாதுகாப்பும் வேண்டும் என்றது. 2014 பிப்ரவரியில் சிறுசேரி வளாகத்தில் இரவு வேலை முடிந்து நடந்து வந்த இளம் மென்பொறியாளர் கொல்லப்பட்டபின் நிறுவனங்கள் கேப் வசதியையும் காவலையும் இறுக்கின. இவையெல்லாம் வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றியவை. வேலை இல்லாமலே, தோழிகளோடு ஐஸ்கிரீம் சாப்பிட, கடல் பார்க்க, சும்மா நடக்க வெளியே வந்த பெண்ணை எந்த ஆணையும் எண்ணிப் பார்க்கவில்லை. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட 'ஒய் லாய்டர்?' என்ற நூல், காரணமின்றிப் பொது இடத்தில் நேரம் கழிக்கும் உரிமையைப் பெண்களுக்குக் கோரியது. 2015-ல் டெல்லி மாணவிகள் விடுதி நேரக் கட்டுப்பாட்டுக்கு எதிராக 'பிஞ்ச்ரா தோட்' இயக்கத்தைத் தொடங்கினார்கள். சென்னையின் விடுதிகளில் அந்தக் கேள்வி முணுமுணுப்பாகவே இருக்கிறது. ஒன்பதரைக்குப் பூட்டும் விடுதியில் பத்து மணிக்கு வந்து நிற்கும் பெண்ணுக்கு, பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டே ஆபத்தாகிறது. வார்டன் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்வார் என்ற பயத்தில் சிலர் பூட்டிய கேட்டைத் தட்டாமலே திரும்பி, தோழியின் அறை தேடி இன்னும் பத்து கிலோமீட்டர் போகிறார்கள். பூட்டு நல்லெண்ணத்தில் போடப்பட்டதாகவே இருக்கலாம். நடுத்தெருவில் நிற்பவளுக்கு அதனால் ஆறுதல் இல்லை. பணிபுரியும் பெண்களுக்காக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளில் இரவு வேலைக்கேற்ப நுழையவும் வெளியேறவும் வசதி செய்திருப்பது இந்தத் திசையில் நல்ல முயற்சி. கழிப்பறை இன்னொரு கதவு. இரவில் திறந்திருக்கும், விளக்கு எரியும், தண்ணீர் வரும் பொதுக் கழிப்பறை இல்லாததால், வெளியே போகும் பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் வெளியே போவதையே தவிர்க்கிறார்கள்.

நடந்தவற்றில் மிகச் சில மட்டுமே ஊருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மா கேட்பது 'சாப்டியா?', பதில் 'சாப்டேம்மா'. முழங்கால் தையல், தொலைந்த கைப்பேசி, பிளாட்பாரத்தில் கழிந்த இரவு ஒன்றும் அந்த உரையாடலுக்குள் வருவதில்லை. சொன்னால் 'வேலையை விட்டுட்டு வந்துடு' என்பார்கள். பெண்ணாக இருந்தால் அடுத்த மாதமே வரன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மறைப்பதற்குக் காரணம் அன்பும்தான், கிடைத்த வாழ்க்கையை இழந்துவிடும் அச்சமும்தான். ஊரில் சொல்ல முடியாததெல்லாம் அறையில் சொல்லப்படுகிறது. காலி செய்து போகிறவர் பாயையும் பக்கெட்டையும் விட்டுப்போவதோடு புதிதாக வருகிறவருக்குச் சில தகவல்களையும் விட்டுப்போகிறார். பன்னிரண்டு மணிக்கு மேல் எந்தத் தள்ளுவண்டியில் கடன் சொல்லலாம், எந்தத் தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் நாய் வராது, ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் இரவு எந்த வாசல் திறந்திருக்கும், மழை நாளில் எந்தச் சுரங்கப்பாதை முதலில் மூழ்கும், வாட்ச்மேனை என்ன சொல்லிக் கூப்பிட்டால் கோபிக்காமல் எழுந்து வருவார், தாம்பரத்தில் கடைசி வண்டியிலிருந்து இறங்கி எந்தப் பக்கம் வெளியேறினால் ஷேர் ஆட்டோ நிற்கும், ஆள் சேராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்து கிளம்புவார்கள் என்பதெல்லாம் அதில் அடங்கும்.